பத்துக்குப் பன்னிரண்டில் ஒரு முகம்

எங்கள் டிபார்ட்மென்ட் பிள்ளைகள் ஆண்டு மலர் போடுகிறார்களாம். "கிரேஸ் மேடம், அந்தக் காலத்துல எக்ஸ்ரே எப்படி எடுத்தீங்கன்னு ஒரு கட்டுரை எழுதித் தாங்களேன்" என்று ஒரு பெண் போன் செய்தாள். அந்தக் காலம் என்று அவள் சொன்னது நான் ரிட்டயர் ஆன வருஷத்தை. அது இரண்டாயிரத்துக்கு அப்புறம்தான். நான் ஏதோ மாட்டு வண்டியில் வந்து எக்ஸ்ரே எடுத்த மாதிரி கேட்கிறாள். போகட்டும், சின்னப் பெண்.

ஆனால் எக்ஸ்ரேயைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? நிற்க வைப்பது, மூச்சைப் பிடிக்கச் சொல்வது, பட்டனை அழுத்துவது. அதனால் நான் ரிட்டயர் ஆன பிறகு வீட்டிலேயே செய்த ஒரு கேமராவைப் பற்றி எழுதுகிறேன். மலர்க் குழுவுக்குப் பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பிவிடலாம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். கோபித்துக்கொண்டாலும் அவர்களுக்குத் தெரியப் போவதில்லை.

படித்தது, சேர்ந்தது எல்லாவற்றையும் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். பி.யூ.சி. முடித்தேன். டெக்னீஷியன் கோர்ஸ் படித்தேன். தாம்பரத்துக்குப் பக்கத்தில் நம் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். முதலில் டார்க் ரூமில் போட்டார்கள். சிவப்பு விளக்கு, டெவலப்பர் தொட்டி, தண்ணீர்த் தொட்டி, ஃபிக்சர் தொட்டி. ஃபிலிமைக் கம்பிச் சட்டத்தில் மாட்டி ஒவ்வொரு தொட்டியாக முக்கி எடுக்க வேண்டும். குளித்தாலும் அந்த வாடை போகாது. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று என் மாமியார், "என்னமோ புளிச்ச வாடை வருதே" என்று எங்கள் சமையல்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தார். அது நான்தான்.

அங்கே எனக்கு மேலே இருந்தவர் டாக்டர் யூசுப். எக்ஸ்ரே படம் பார்த்து ரிப்போர்ட் கொடுக்கிற டாக்டர். பல்லாவரத்துக்காரர். முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரை பட்டன். நான் பார்த்த வரையில் அவர் குரலை உயர்த்தியதே இல்லை. அவருக்கு அது தேவைப்படவில்லை.

அவர் படம் பார்க்கிற முறையைச் சொல்ல வேண்டும். ஃபிலிமை மேல் மூலையில் இரண்டு விரலால் பிடிப்பார். உடனே நடுவில் பார்க்க மாட்டார். முதலில் பேஷண்ட் பெயர். அப்புறம் வலது பக்கம் என்று காட்டுகிற ஈய எழுத்து 'ஆர்' இருக்கிறதா என்று பார்ப்பார். இல்லாவிட்டால் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடுவார். இருந்தால்தான் லைட் பாக்ஸில் மாட்டுவார். பால்நிறக் கண்ணாடிக்குப் பின்னால் டியூப் லைட் எரிகிற பெட்டி அது. மாட்டிய பிறகும் நான்கு ஓரங்களையும் சுற்றிவிட்டுத்தான் நெஞ்சுக்கு வருவார். "நடுவுல இருக்கறதை எல்லாரும் பாப்பாங்க கிரேஸ், ஓரத்துல இருக்கறதுக்குத்தான் சம்பளம்" என்பார்.

படம் சரியில்லை என்றால், "மறுபடி" என்ற ஒரு வார்த்தை. சரியாக இருந்தால் அதுவும் கிடையாது. நேராக ரிப்போர்ட் சொல்ல ஆரம்பித்துவிடுவார். பக்கத்தில் யார் நிற்கிறோமோ அவரிடம், "வயசு? எத்தனை நாளா இருக்கு?" என்று கேட்பார். நாம் பதில் சொல்ல வேண்டும். அந்தக் கேள்வி வந்துவிட்டால் நம் படம் பாஸ். அன்றைக்கு வீட்டுக்குப் போய் மீன் வாங்கிச் சமைப்பேன்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு காலேஜ் பெண்ணுடைய படம் வந்தது. எனக்கு சீனியர் ஒருவர் எடுத்தது. வலது நுரையீரலின் மேல் பக்கம் ஒரு நிழல். டி.பி. என்றே வார்டில் முடிவு கட்டி, பெண்ணின் அம்மா வராந்தாவில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். டாக்டர் யூசுப் படத்தைப் பார்த்துவிட்டு, "இந்தப் பொண்ணுக்கு முடி நீளமா?" என்று கேட்டார். நீளம்தான். பின்னல் தோளுக்கு முன்னால் விழுந்திருந்தது. அந்தப் பின்னலின் நிழல்தான் டி.பி. ஆகிவிட்டது. கொண்டை போட்டு மறுபடி எடுத்ததும் வியாதி போய்விட்டது.

அன்றிலிருந்து டிபார்ட்மென்டில் ஒரு சட்டம். யார் வந்தாலும், மந்திரியே வந்தாலும், மெஷின் முன்னால் நிற்கும் முன் இதைச் சொல்ல வேண்டும். "கொண்டையைத் தூக்கிக் கட்டு. செயினைக் கழட்டு. கழுத்துல ஒண்ணும் இருக்கக் கூடாது. தாடையைத் தூக்கு. தோளை முன்னாடி தள்ளு. மூச்சை நல்லா இழு. புடி. விடு." ரிட்டயர் ஆகிற வரைக்கும் இதைத்தான் சொன்னேன். தூக்கத்திலும் சொல்வேன் என்று என் கணவர் சொல்கிறார். அவர் தூக்கத்தில் என்ன செய்வார் என்று நான் ஊருக்குச் சொல்வதில்லை.

நான் ரிட்டயர் ஆவதற்குச் சில வருஷம் முன்னாலேயே டாக்டர் யூசுப் வேலையை விட்டுவிட்டார். கண். விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுப்போகிற வியாதி. ஓரத்தில் தெரியும், நேராகப் பார்க்கிற இடம் தெரியாது. அவர் போன கொஞ்ச நாளில் டிபார்ட்மென்டுக்கு டிஜிட்டல் மெஷின் வந்தது. பெரிய பிளைவுட் பெட்டிக்குள் வைத்து இறக்கினார்கள். டார்க் ரூமைக் காலி செய்து, ஏ.சி. போட்டு, கம்ப்யூட்டர் வைத்தார்கள். நான் கண் கலங்குவேன் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். எனக்கு ஒரு கலக்கமும் இல்லை. ஃபிக்சர் தொட்டியைக் கழுவிப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று தெரியும்.

டார்க் ரூமை ஒழித்தபோது டாக்டர் சேர்த்து வைத்திருந்த பாடப் படங்கள் ஒரு கட்டு கிடைத்தது. மாணவர்களுக்குக் காட்டுகிற பழைய ஃபிலிம்கள். ரிட்டயர் ஆன பிறகு அதை எடுத்துக்கொண்டு பல்லாவரம் போனேன்.

டாக்டரின் மனைவி சபியாக்கா கதவைத் திறந்தார். கணவரைப் பற்றிப் பேசும்போது 'அவங்க' என்பார், கணவரோடு பேசும்போது வாங்கு வாங்கென்று வாங்குவார். முந்தானையை முக்காடாகப் போட்டு, கழுத்தைச் சுற்றி ஒரு முனையைச் செருகியிருந்தார். ஒரே மகள் துபாயில். வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

"யாரு, கிரேஸா?" என்றார் டாக்டர் நாற்காலியில் இருந்தபடி. "குரலை வெச்சுத்தான் தெரியுது. முகம் இருக்கற இடத்துல ஒரு சாம்பல் வட்டம். உங்க காது தெரியுது. கொண்டை தெரியுது."

"அது போதும் சார், மீதி ஒண்ணும் விசேஷம் இல்ல" என்றேன்.

சபியாக்கா உள்ளே போனதும் அவர் குரலைத் தாழ்த்தினார். "சபியா முகத்தைப் பாத்தே ரொம்ப நாளாச்சு. கோவமா இருக்காளா, சிரிக்கறாளான்னு குரலை வெச்சுத்தான் கண்டுபுடிக்க வேண்டியிருக்கு. அவளுக்கு ரெண்டுக்கும் ஒரே குரல்."

சொல்லிவிட்டுச் சிரிக்கவில்லை. ஊரில் இருக்கிறவர்களின் உள்ளுக்குள் எல்லாம் பார்த்த மனிதருக்கு வீட்டுக்காரியின் மூஞ்சி தெரியவில்லை. இதென்ன நியாயம் என்று எனக்கு யார் மேலோ கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாததால் படக்கட்டைப் பிரித்துக் கொடுத்தேன்.

அவர் வீட்டிலும் ஒரு பழைய லைட் பாக்ஸ் சுவரில் இருந்தது. கட்டிலிருந்து ஒரு ஃபிலிமை எடுத்து, தடவி, மூலையைப் பிடித்து, அதில் மாட்டினார். மூக்கு ஃபிலிமில் படுகிற அளவுக்குக் குனிந்தார். முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, ஓரக்கண்ணால் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தார். "வலது மேல் பக்கம் பழைய தழும்பு. கீழ ஒரு விலா எலும்பு உடைஞ்சு கூடியிருக்கு" என்றார்.

சரியாகத்தான் சொன்னார். "சார், இது தெரியுதா?" என்றேன்.

"பெருசா இருக்கணும். பின்னாடிலேர்ந்து வெளிச்சம் வரணும். அப்போ துண்டு துண்டா பொறுக்கிக்கலாம். காகிதத்துல போட்டோ எவ்வளவு பெருசா இருந்தாலும் ஒண்ணும் தெரியல."

தாம்பரம் வரைக்கும் ரயிலில் இதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். சபியாக்கா முகத்தை ஒரு எக்ஸ்ரே ஃபிலிமில் எடுத்தால் என்ன?

என் கணவர் செல்வராஜ் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். எதைச் சொன்னாலும் முதலில் குறை சொல்லிவிட்டுத்தான் கேட்பார். "இதுக்கு எதுக்குக் கஷ்டப்படுற? பஸ் ஸ்டாப்புல பின்னாடி லைட் எரியுற விளம்பர போர்டு இருக்கே, அந்த மாதிரி சபியாம்மா மூஞ்சியைப் போட்டுத் தரச் சொல்லு" என்றார். யோசனை மோசமில்லை. சபியாக்காவுக்குப் போன் செய்து கேட்டேன்.

"கடைக்காரன் எவன் கையிலயும் என் முகத்தைக் குடுக்க மாட்டேன் கிரேஸ். அவன் கம்ப்யூட்டர்ல போட்டு எட்டுப் பேரு பாப்பான்" என்றார்.

"அப்போ நானே எடுத்து, நானே கழுவிக் குடுத்தா?"

"உன்கிட்ட ஏது கேமரா?" என்றார். என்னிடம் கேமரா இல்லை என்ற தைரியத்தில் கேட்ட கேள்வி அது. அப்போது எனக்கு அது புரியவில்லை.

கேமரா என்பது ஒரு இருட்டுப் பெட்டி. ஒரு பக்கம் கண்ணாடி லென்ஸ், எதிர்ப்பக்கம் ஃபிலிம். அவ்வளவுதான். பெரிய ஃபிலிம் என்றால் பெரிய பெட்டி. நான் எடுக்க நினைத்த ஃபிலிம் பத்து அங்குலத்துக்குப் பன்னிரண்டு அங்குலம். நாங்கள் பத்துக்குப் பன்னிரண்டு என்போம். தலையும் தோளும் தாராளமாக அடங்கும். காலாவதியான ஃபிலிம் டப்பாக்கள் டிபார்ட்மென்டில் தூக்கிப் போடக் கிடந்தன. சூப்பிரண்டிடம் கேட்டு, இனி உதவாது என்று கண்டம் செய்த சாமான்களோடு அதையும் வாங்கிக்கொண்டேன்.

லென்ஸ் நர்சிங் ஸ்கூலில் இருந்து வந்தது. அங்கே லெக்சர் ஹாலில் எபிடயஸ்கோப் என்று ஒரு மெஷின் இருந்தது. புத்தகத்தை உள்ளே வைத்தால் பக்கத்தைச் சுவரில் பெரிதாகக் காட்டும். புரொஜெக்டர் வந்ததும் அதையும் கண்டம் செய்துவிட்டார்கள். அதன் லென்ஸ் அரைப்படி அளவு இருந்தது, கனமும் அதற்கேற்ற மாதிரி. பெட்டிக்குப் பலகை எங்கே என்று தேட வேண்டியிருக்கவில்லை. டிஜிட்டல் மெஷின் வந்த பிளைவுட் பெட்டி ஆஸ்பத்திரிக் கொல்லையில் மழையில் நனைந்துகொண்டிருந்தது. கேமராவின் ஒரு பக்கத்தில் இன்றைக்கும் 'இந்தப் பக்கம் மேலே' என்று அம்புக்குறி இருக்கிறது.

இரண்டு பெட்டிகள் செய்தோம். ஒன்றுக்குள் ஒன்று தீப்பெட்டி மாதிரி நகரும். முன் பெட்டியில் லென்ஸ், பின் பெட்டியில் ஃபிலிம். உள்ளே தள்ளினால் தூரத்தில் இருப்பது தெளிவாகும், வெளியே இழுத்தால் பக்கத்தில் இருப்பது. அறுத்தது என் கணவர். அளந்தது நான். தப்பாக அறுத்தது யார் என்பதில் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது.

படம் எங்கே விழுகிறது என்று பார்க்க ஒரு மங்கல் கண்ணாடி வேண்டும். பழைய ஜன்னல் கண்ணாடியில் எமரிப் பொடியைத் தண்ணீரில் குழைத்துப் போட்டு, இன்னொரு கண்ணாடித் துண்டால் தேய் தேய் என்று தேய்த்தேன். ஃபிலிமை வைக்க எக்ஸ்ரே கேசட் ஒன்று. அது ஃபிலிமை வெளிச்சம் படாமல் வைக்கிற தட்டையான அலுமினியப் பெட்டி. எக்ஸ்ரே அலுமினியத்தைத் துளைத்துக்கொண்டு போகும், சாதாரண வெளிச்சம் போகாது. அதனால் முன் தகட்டை வெட்டி எடுத்து, அந்த இடத்தில் இழுத்துத் திறக்கிற மெல்லிய தகடு ஒன்றைப் பொருத்தினோம். ஷட்டர் கிடையாது. லென்ஸுக்குப் பால் பவுடர் டப்பா மூடி. மூடியை எடுத்து, எண்ணி, திரும்ப மூட வேண்டும். லென்ஸின் வாய் அகலம் என்பதால் வெளிச்சம் கொட்டியது. கறுப்பு அட்டையில் ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை போட்டு அதன் முன்னால் ஒட்டினேன். அதன் பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் மூன்று எண்ணுகிற நேரம் தேவைப்பட்டது.

முதல் படம் முழுக்கக் கறுப்பாக வந்தது. பெட்டியில் எங்கேயோ வெளிச்சம் ஒழுகுகிறது. எங்கே என்று பார்க்க, நடுப்பகலில் மொட்டை மாடிக்குப் போய்ப் பெட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே பார்த்தால் பழைய ஆணி ஓட்டைகள் எல்லாம் நட்சத்திரமாக மின்னின.

"கிரேஸ், எதிர்வீட்டுல பாக்குறாங்க" என்றார் என் கணவர்.

"பாக்கட்டும்."

"போன வாரம்தான் அவங்ககிட்ட நீ நல்லா இருக்கேன்னு சொன்னேன்."

ஆஸ்பத்திரி பிளாஸ்டரைக் கறுப்பு அடித்து ஓட்டைகளை ஒட்டினேன். அடுத்த படத்துக்கு அவரையே உட்கார வைத்தேன். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன். மங்கல் கண்ணாடியில் அவர் தலைகீழாகத் தெரிந்தார். வெளியே வந்து, மூடியில் கை வைத்ததும் வாய் தானாகச் சொல்லியது. "தாடையைத் தூக்கு. தோளை முன்னாடி தள்ளு. மூச்சை நல்லா இழு. புடி." மூடியை எடுத்தேன், எண்ணினேன், மூடினேன். கேசட் தகடு சரியாக மூடியதா என்று பார்த்தேன். மணிக்கட்டில் ஒட்டியிருந்த பிளாஸ்டரை உரித்தேன். திரும்பினால் மனிதர் முகம் சிவந்து உட்கார்ந்திருக்கிறார். 'விடு' சொல்ல மறந்துவிட்டேன்.

பாத்ரூமில் சிவப்பு பல்பு போட்டு, பிளாஸ்டிக் தட்டுகளில் கழுவினேன். படம் வந்தது. அப்படி ஒரு கூர்மை. மீசையில் முடி முடியாக எண்ணலாம். ஆனால் நெஞ்சை நிமிர்த்தி, தோளை முன்னால் வளைத்து, தாடையை வானத்துக்குத் தூக்கி, சண்டைக்குப் போகிறவர் மாதிரி இருந்தார். "கல்யாணத்துல கூட நான் இப்படி நெஞ்சை நிமித்தல" என்றார்.

பால்காரர் முனுசாமியையும் எடுத்தேன். அவரும் அதே போஸ். காய்ந்ததும் ஃபிலிமை அவர் கையில் கொடுத்தேன். எனக்கு அதோடு வேலை முடிந்தது. எங்கள் தொழிலில் ஃபிலிம்தான் படம். அதைக் காகிதத்தில் போட்டு, கறுப்பை வெள்ளையாக்கித் தர வேண்டும் என்பதே எனக்குத் தோன்றவில்லை.

முனுசாமி அதை வெயிலில் தூக்கிப் பார்த்தார். "இன்னாக்கா இது, மூஞ்சி கருப்பா கீது, தலை வெள்ளையா கீது? நான் செத்தா இப்டித்தான் இருப்பேனா?"

"ஃபிலிம் இப்படித்தான்பா இருக்கும். எல்லாம் நார்மல்."

"வூட்ல காட்னா பசங்க பேஜாராய்டும்கா" என்றார். மாட்டுக் கொட்டகை ஜன்னலில் கண்ணாடி உடைந்த இடத்தில் அதைப் பொருத்திவிட்டதாகப் பிறகு சொன்னார். மாடு ஒன்றும் சொல்லவில்லையாம்.

டாக்டருக்குப் போன் செய்து கேமரா தயார் என்றேன். "எடுத்துட்டு வாங்க" என்றார். பின்னாலேயே சபியாக்கா போனை வாங்கினார். "இந்த வயசுல எதுக்கும்மா இதெல்லாம். வேணாம் விடு" என்றார். மறுபடி கூப்பிட்டபோது ஊரிலிருந்து ஆள் வருகிறார்கள் என்றார். அதற்கப்புறம் ஜலதோஷம் என்றார். எனக்கு எரிச்சல் வந்தது. பாவம் அந்த மனிதர், மனைவி முகத்தைப் பார்க்க ஆசைப்படுகிறார், இவர் என்ன இப்படிப் பிகு பண்ணுகிறார் என்று நினைத்தேன். ஒரு நாள் சொல்லாமலே கிளம்பிவிட்டேன்.

ஆட்டோவில் பெட்டி நுழையவில்லை. கணவர் தாம்பரம் ஸ்டேஷன் வரை தூக்கிவந்து லேடீஸ் கம்பார்ட்மென்டில் ஏற்றிவிட்டுப் போனார். கீரைக் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா பெட்டியைத் தட்டிப் பார்த்தார். "இன்னாம்மா இது, கோயிக் கூண்டா?"

"கேமரா."

"இம்மாம் பெரிய கேமராவா? யாரை எடுக்கப் போறே, யானையவா?" பல்லாவரத்தில் அவர்தான் ஒரு பக்கம் பிடித்து இறக்கிக் கொடுத்தார்.

வாசலில் பெட்டியோடு என்னைப் பார்த்ததும் சபியாக்காவுக்கு முகம் மாறிவிட்டது. ஆனால் வந்தவளைத் திருப்பி அனுப்புகிற வீடு அல்ல அது. டாக்டரை உள் அறைக்கு அனுப்பினார். ஜன்னல் ஓரம் நாற்காலி போட்டேன். பழக்கம் விடுமா, நாற்காலியின் வலது பக்கத்தில் ஈய எழுத்து 'ஆர்' ஒன்றையும் ஒட்டினேன்.

"முக்காட்டை எடுங்கக்கா."

"இருக்கட்டும்மா. இப்படியே எடு."

"இருந்தா நிழல் விழும். நான் பொம்பளைதானே, வேற யாரு இருக்கா? செயினையும் கழட்டுங்க. கழுத்துல ஒண்ணும் இருக்கக் கூடாது."

அது நான் கேட்டுக்கொண்டது இல்லை. டிபார்ட்மென்டில் சொல்கிற குரல். அந்தக் குரலுக்கு மந்திரியே கட்டுப்பட்டிருக்கிறார். சபியாக்கா மெதுவாக முக்காட்டை இறக்கினார். நான் அதற்குள் கறுப்புத் துணிக்குள் போய்விட்டேன். பூதக்கண்ணாடியை வைத்துக் கண் இமையைப் பார்த்துப் பெட்டியை முன்னும் பின்னும் நகர்த்தினேன். வியர்வை சொட்டி மங்கல் கண்ணாடியில் விழுந்தது. இமை கூர்மையாக வந்ததும் வெளியே வந்தேன். கேசட்டை மாட்டினேன். மூடியில் கை வைத்தேன். "தாடையைத் தூக்குங்க. தோளை முன்னாடி. மூச்சை நல்லா இழுங்க. புடிங்க."

இந்த முறை 'விடுங்க' சொல்ல மறக்கவில்லை. மூடிவிட்டு நிமிர்வதற்குள் அவர் முக்காட்டைப் போட்டுவிட்டார்.

வீட்டில் கழுவினேன். நல்ல படம். கீறல் இல்லை, வெளிச்சம் ஒழுகவில்லை, அசைவு இல்லை. காயவைத்துப் பார்த்தபோது கழுத்தைப் பார்த்தாயா என்று என் கணவர் பிறகு கேட்டார். பார்த்தேன். கழுத்து கூர்மையாக இருந்தது. டெக்னீஷியன் பார்ப்பது அதுதான்.

மறுநாள் ஃபிலிமைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். டாக்டர் மூலையைப் பிடித்து வாங்கினார். "ஆர் இருக்கா?"

"இருக்கு சார்."

லைட் பாக்ஸில் மாட்டி, குனிந்தார். ஓரத்திலிருந்துதான் ஆரம்பித்தார். தோள். முடி. காதில் கொஞ்சம் நின்றார். அப்புறம் மெதுவாக நடுவுக்கு வந்தார். நெற்றி, ஒரு கண், இன்னொரு கண். உதட்டுக்கு வந்ததும் நகரவே இல்லை. மூச்சு பட்டு ஃபிலிம் மங்கியது. சட்டைக் கையால் துடைத்துவிட்டு மறுபடி குனிந்தார். அழக்கூடாது என்று கூரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சபியா, உனக்கு வயசாயிடுச்சு" என்றார்.

"உங்களுக்கு மட்டும் குறையுதாக்கும்" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. கோபமா சிரிப்பா என்று எனக்கும் தெரியவில்லை.

அவர் தாடைக்கு இறங்கினார். அதற்குக் கீழே வந்தார். நின்றார். போனார், திரும்ப வந்தார். பிறகு டிபார்ட்மென்டில் பேசுகிற குரலில் பேசினார். "கழுத்தின் இடது கீழ்ப்பக்கம் வீக்கம். எலுமிச்சம்பழ அளவு. குரல்வளை வலது பக்கம் தள்ளியிருக்கு. தைராய்டு." என் பக்கம் திரும்பினார். "வயசு?"

"அறுபத்திரண்டு சார்" என்று என் வாய் சொல்லிவிட்டது.

"எத்தனை நாளா இருக்கு?"

நான் சமையலறைப் பக்கம் திரும்பினேன். இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அது கெட்ட கட்டி இல்லை. பிறகு அறுத்து எடுத்தார்கள், சபியாக்கா நன்றாக இருக்கிறார். ரிசல்ட்டுக்காகக் காத்திருந்தவர்களை நான் நிறையப் பார்த்தாயிற்று, படிக்கிறவர்களையும் காக்க வைக்க எனக்கு மனமில்லை. ஆனால் அன்று அந்த அறையில் அது யாருக்கும் தெரியாது.

சபியாக்கா வாசற்படியில் நின்றிருந்தார். "நீங்க கண்ணுக்குக் காட்ட ஆரம்பிச்ச வருஷத்துலேர்ந்து இருக்கு" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "இதுக்குத்தான் வேணாம் வேணாம்னு சொன்னேன். கழுத்துல ஒண்ணும் இருக்கக் கூடாதுன்னு நீதான் அதட்டி எடுக்க வெச்சே."

"ஏன் சொல்லல?" என்றார் டாக்டர்.

"சொன்னா என்ன பண்ணுவீங்க? ஆபரேஷன்னு படுக்க வைப்பீங்க. நான் போய்ப் படுத்தா உங்களை யாரு பாப்பா? பாத்ரூம் எந்தப் பக்கம்னு யாரு சொல்லுவா? ஒரு டம்ளர் காபி கலந்து குடிக்க முடியுமா உங்களால? அல்லா இருக்கான்னு விட்டுட்டேன். இப்பவும் நான் எங்கயும் வர்றதா இல்ல." முக்காட்டை இறுக்கிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்துவிட்டார். முடிவாகச் சொல்லிவிட்ட முகம்.

டாக்டர் மறுத்துப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். வியாதியின் பெயரைச் சொல்லி மிரட்டுவார், என்னையும் சேர்த்துக்கொண்டு புத்தி சொல்வார் என்று நினைத்தேன். அவர் லைட் பாக்ஸை அணைத்தார். சுவரைத் தடவிக்கொண்டு சமையலறைக்குள் போனார்.

முதலில் ஒரு டப்பா விழுந்தது. பிறகு பாத்திரம். சபியாக்கா எழுந்தார். நான் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். தீப்பெட்டி உரசுகிற சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி உரசியது.

"கேஸைப் பத்த வைக்கறாங்க" என்றார் சபியாக்கா, மூச்சே இல்லாமல். என் கையை அவர் பிடித்திருந்த பிடியில் வளையல் பதிந்தது. குப்பென்று அடுப்பு பற்றிக்கொண்ட சத்தம் வந்தது. வெகு நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பால் பொங்கி வழிந்து கருகுகிற வாடை வந்தது. எதையோ கீழே போட்டு, எடுத்து, மறுபடி போட்டார். நாங்கள் இரண்டு பேரும் சமையலறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டு, இன்னொரு கையில் டம்ளரோடு வந்தார். முழுக்கைச் சட்டை முழங்கை வரை நனைந்திருந்தது. பாதிக் காபி வழியெல்லாம் கொட்டியிருந்தது. ஆள் இல்லாத நாற்காலிக்கு முன்னால் நின்று டம்ளரை நீட்டினார்.

சபியாக்கா எழுந்து அங்கே போய் அதை வாங்கிக்கொண்டார். நின்றபடியே ஒரு வாய் குடித்தார்.

"சர்க்கரை போடல" என்றார்.

"எந்த டப்பான்னு தெரியல" என்றார் அவர்.

சபியாக்கா டம்ளரைக் கவிழ்த்து மிச்சத்தையும் குடித்து முடித்தார். முந்தானையால் வாயைத் துடைத்தார்.

"சரி, எந்த டாக்டர்கிட்ட போகணும்?" என்றார்.